வேளி

சேசு மரி சூசை
நாக்பூர், 12 ஆகஸ்டு 1946

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஞானதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் எனக்கும் ஃப்ளோராவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எப்படி? தபால் ஸ்டிரைக் முடிந்து வந்த முதல் மூட்டையில் உன் கடிதம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

விஷயம் இதுதான். ரயில்வேயில் எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம். அது முடிந்ததும் நம் சாந்தோம் வீட்டுப் பின்மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு உன் பக்கத்திலேயே இருந்துவிட எண்ணம். அதற்கு முன்னால் பின்பக்கம் வேளி போட்டாக வேண்டும். 42-ல் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது நீயும் இங்கே வந்திருந்தாய். திரும்பிப் போய்ப் பார்த்தால் பழைய வேளியில் ஒரு கம்பம் மிச்சமில்லை, யாரோ அடுப்பெரித்துவிட்டார்கள் என்று எழுதினாய். அது முதல் திறந்தே கிடக்கிறது. இப்போது பின்வீட்டை வேறு தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி வாங்கிவிட்டார் என்கிறாய். வியாபாரி. இன்று ஒரு அடி, நாளை ஒரு அடி என்று நகர்ந்து வந்தால் யார் கேட்பது?

ராயப்பேட்டையில் ஷரீஃப் என்று ஒரு கண்டிராக்டர் இருக்கிறார். என் ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு அவர்தான் வேளி போட்டார். உன்னை வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். முருங்கை மரத்தை விட்டு வேளி போடச் சொல்.

தனியாக இதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. வீட்டை விற்றுவிடுவோம். நீயும் இங்கே வந்து எங்களோடு இரு. ஃப்ளோரா உனக்கு ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை காலம்தான் கத்திக்கொண்டிருப்பாய்?

இப்படிக்கு உன் தம்பி,
ஞானதாஸ்

சேசு மரி சூசை
சாந்தோம், மயிலாப்பூர்
24 ஆகஸ்டு 1946

அன்புள்ள தம்பிக்கு அல்போன்சா ஆசீர்வதித்து எழுதுவது. நான் இருக்கிறேன். ஃப்ளோராவின் மூட்டுவலி தேவலையா?

முதலில் ஒன்று. வேலி. முள்வேலியானாலும் மரவேலியானாலும் ‘லி’தான். நீ எழுதியிருப்பது ‘வேளி’. சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், தம்பி மட்டும் தேறவில்லை.

ஷரீஃப் வந்தார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இன்னா டீச்சரம்மா, மரத்த வுட்டுன்னு எழுதிக்கீறாரே உங்க தம்பி, எந்தாண்ட வுடறது? நம்ம பக்கம் வுடறதா, அவுங்களுக்கு வுட்டுக் குடுத்துடறதா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நீ எழுதியதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். உன்னைக் கேட்டு எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த முருங்கை மரத்தடி வழியாகத்தான் கணேசமூர்த்தியின் பெண்சாதி பங்கஜம் வந்துபோகிறாள். நல்ல பெண். மாமியார் படுத்த படுக்கை. தெருவைச் சுற்றிக் கச்சேரி ரோடு வழியாக வந்தால், அந்த அம்மாள் கூப்பிடும்போது உடனே திரும்ப முடியாது. மரத்தடி வழியாக வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவிடலாம். எனக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவாள். வேலிக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

நாக்பூர் அறையை ஃப்ளோரா வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும். 42-ல் அங்கே இருந்தபோது உப்பு வாங்கக்கூட எனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கே என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா முனை பழசு.

உன் அக்கா,
அல்போன்சா

சேசு மரி சூசை
நாக்பூர், 4 செப்டம்பர் 1946

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ஃப்ளோராவின் மூட்டு மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. நீ ‘இருக்கிறேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அது என்ன சேதி?

வேலி. லி. போதுமா?

மரம் நம்முடையது. அப்பா நட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் வேலி வரவேண்டும். இதில் ஷரீஃபுக்கு என்ன சந்தேகம்? இதைக் கேட்டு ஒரு கடிதம், பதிலுக்கு ஒரு கடிதம், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. இங்கிருந்துகொண்டு எத்தனை தடவைதான் எழுதுவது?

வழி கிழி எதுவும் வேண்டாம். உனக்கு உலகம் தெரியாது. இன்று குழம்புக் கிண்ணம், நாளைக்குத் துணி உலர்த்தக் கொடி, அடுத்த வருஷம் ‘இது எங்கள் பாத்தியதை வழி’ என்று கோர்ட்டில் நிற்பார்கள். இடைவெளி இல்லாமல் அடைக்கச் சொல்.

பேனாவுக்குப் புது முனை வாங்கு. ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கிறது.

உன் தம்பி,
ஞானதாஸ்

உ
சேசு மரி சூசை
சாந்தோம், 27 செப்டம்பர் 1946

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். உங்கள் இருவர் சுகத்துக்கும் தினமும் செபமாலை சொல்கிறேன்.

வலது கை விரலில் நகச்சுற்று. பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்லப் பங்கஜம் எழுதுகிறாள். திருநெல்வேலியில் எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்தது, படித்தோம். துணி உலர்த்தக் கொடி கட்டும் யோசனை பங்கஜத்துக்கு இல்லையாம். அவர்கள் மாடியில் வெயில் நன்றாக விழுகிறதாம்.

ஷரீஃப் மறுபடி வந்தார். நல்ல கம்பி கடையில் கிடைக்கவில்லை, பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட முள்கம்பிதான் கிடைக்கிறது என்றார். “வெள்ளக்காரன் ஜப்பான்காரனுக்கு வாங்கின முள்ளும்மா. ஆடு மாட்டுக்கு இது ரொம்ப ஜாஸ்தி” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு கம்பி வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. கவலைப்படாதே.

உன் அக்கா,
அல்போன்சா

சேசு மரி சூசை
நாக்பூர், 9 அக்டோபர் 1946

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் சௌக்கியம். விரலுக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளச் சொல்கிறாள் ஃப்ளோரா.

நான் உனக்கு எழுதியதை அந்த அம்மாளிடம் கொடுத்துப் படிக்க வைத்தாயா? என் மானமே போயிற்று. குடும்ப விஷயத்தை இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாயால் கேட்க வேண்டுமா? விரல் ஆறியதும் நீயே எழுது.

வேளி விஷயத்தில் நீ தட்டிக்கழிக்கிறாய். கம்பி இல்லை, அவசரம் இல்லை, மரம் எந்தப் பக்கம்! இரண்டு மாதமாக ஒரு வேளிக்கு இத்தனை சாக்கா? முள்கம்பியானால் முள்கம்பி. ஷரீஃபுக்கு நானே எழுதிவிட்டேன், வேலையை ஆரம்பித்துவிடுவார். நீ குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

இதுகூட உனக்குச் சிரமமாக இருக்கிறது என்றால் நாக்பூர் பேச்சைத்தான் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

ஞானதாஸ்

உ
சேசு மரி சூசை
சாந்தோம், 10 நவம்பர் 1946

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே அடைமழை. உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியை வெயிலில் போட்டு எடுத்துவைத்துக்கொள்.

நகச்சுற்று இன்னும் விடவில்லை. அதனால் இதுவும் பங்கஜம் கையெழுத்து. கோபித்துக்கொள்ளாதே.

வேலி போட்டாயிற்று. கல்கால் நட்டு, இரண்டு ஓரத்திலிருந்தும் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முருங்கை மரத்தடியில் மட்டும் இரண்டு கல்காலுக்கு நடுவே ஒரு கண்ணி பாக்கி. அங்கே வந்ததும் நான் போய் நின்றுகொண்டேன். நீ குறுக்கே நிற்காதே என்று எழுதினாய், நான் நின்றேன். ஷரீஃப், “இன்னாம்மா, நீ நின்னுகினு இருந்தா நான் எங்க கம்பி கட்டறது?” என்றார். கிறிஸ்துமஸ் பண்டிகை கழியட்டும் என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இனிச் சாக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேரே சொல்கிறேன். அந்த ஒரு கண்ணியை விட்டுவிடு. பங்கஜம் வராவிட்டால் பொழுது விடிந்ததும் தெரியாது, அடைந்ததும் தெரியாது. அவள் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்று நான் அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
அல்போன்சா

சேசு மரி சூசை
நாக்பூர், 25 நவம்பர் 1946

அன்புள்ள அக்காவுக்கு.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வேகத்தில் ஷரீஃபுக்கு ஒரு கார்டு போட்டேன். அக்கா என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் மிச்சத்தையும் அடைத்துவிடு என்று.

நேற்று ஃப்ளோரா உன் கடிதங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, “உங்க அக்கா எப்போ இருந்து பிள்ளையார் சுழி போடறாங்க?” என்றாள். பார்த்தேன். பங்கஜம் அம்மாள் எழுதிய இரண்டு கடிதத்திலும் தலைப்பில் ‘உ’ இருக்கிறது. அதன் கீழே சேசு மரி சூசை. முதலில் இருவரும் சிரித்தோம். பழக்க தோஷத்தில் அந்தப் பெண் பேனா எடுத்ததும் சுழி போட்டுவிட்டாள், அதற்குப் பிறகு நீ சொன்னதை எழுதியிருக்கிறாள்.

பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாமியார் எழுதின பிரசங்கத்திலேயே பிழை பிடித்தவள் நீ. எழுதி முடித்த தாளை ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் அந்தச் சுழி உனக்குத் தப்பியிருக்குமா? போன கடிதத்தில் நான் பழையபடி ‘வேளி’ என்றே எழுதியிருந்தேனாம். ஃப்ளோரா உறையை ஒட்டும்போது பார்த்துவிட்டு, அக்கா பார்த்துக்கொள்வாள் என்று விட்டாளாம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகச்சுற்று வந்தால் எழுதத்தானே முடியாது? படிப்பதற்கு என்ன?

அக்கா, உனக்குக் கண் தெரிகிறதா?

பங்கஜம் அம்மாளே, இதைப் படிப்பது நீங்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரியை விடாமல் படித்துச் சொல்லுங்கள்.

வேலையை நிறுத்தச் சொல்லி ஷரீஃபுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். கார்டு முந்துமோ தந்தி முந்துமோ.

ஞானதாஸ்

நாக்பூர், 12 டிசம்பர் 1946

அக்கா,

பதிலே இல்லை. ஷரீஃபிடமிருந்தும் இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. பங்கஜம் அம்மாளிடம் சொல்லி ஒரே ஒரு வரி போடு.

ஞானதாஸ்

சேசு மரி சூசை
சாந்தோம், டிசம்பர் 1946, தேதி சரியாகத் தெரியவில்லை

தம்பி,

இதை நானே எழுதுகிறேன். தாளின் மேல் ஸ்கேலை வைத்து, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டே எழுதுகிறேன். வரி ஏறிப் போனால் நீதான் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும்.

உன்னிடமிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. நாக்பூர் முத்திரை என்று தபால்காரர் சொன்னார். பிரிக்காமல் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியாது. எனக்குக் கண் போய்விட்டது தம்பி. ஆகஸ்டில்கூட முற்றத்து வெயிலில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் அசைவது தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தை ஜூன் மாதமே விட்டேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதின வரியின் மேலேயே மறுபடி எழுதிவிட்டேன். பிள்ளைகள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சொன்னால் வீட்டை விற்று என்னை நாக்பூருக்கு அழைத்துப் போவாய் என்றுதான் சொல்லவில்லை. அங்கே எனக்குச் சுவர்கூடப் பழக்கமில்லை.

பங்கஜம்தான் உன் கடிதங்களைப் படிப்பாள். அரிசியில் கல் பொறுக்குவாள், கண்ணுக்கு மருந்து விடுவாள். போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்தபோது ஷரீஃப் உன் கார்டோடு வந்து மிச்சத்தையும் அடைத்துவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. கோயிலிலிருந்து வந்து, பங்கஜத்தின் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கால் பழகின வழியில் போனேன். முள்கம்பி நெற்றியிலும் கையிலும் குத்தியது. காயம் ஆறிவிட்டது. கிண்ணம் உடைந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பங்கஜம் அந்தப் பக்கம் ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் புருஷனும் வந்தார். “வேலி கட்டுனவுக வீட்டுல நமக்கென்ன சோலி? உள்ள போ” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கம்பியின் முள் அவர் வீட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சில நாள் அந்தப் பக்கத்திலிருந்து, “டீச்சரக்கா, சாப்பிட்டீகளா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்கும். சாப்பிட்டேன் என்பேன்.

தபால்காரரைப் படிக்கச் சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் கோயில் பங்கு மக்கள் முழுக்கத் தெரிந்துவிடும், என்னைக் கன்னியர் மடத்தில் சேர்க்க ஆள் வந்துவிடும். எனக்கு அலுத்துவிட்டது தம்பி. இனி உன் இஷ்டம்.

அல்போன்சா

உ
சேசு மரி சூசை
நாக்பூர், 27 டிசம்பர் 1946

மகா ராஜ ராஜ ஸ்ரீ கணேசமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் பின்வீட்டு டீச்சரம்மாளின் தம்பி ஞானதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் தாயாரின் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகம் தெரியாத உங்களைப் பற்றி நான் தரக்குறைவாக எழுதினேன். அதை உங்கள் சம்சாரமே வாய்விட்டுப் படிக்கும்படி ஆயிற்று. படித்த பிறகும் அவர்கள் என் அக்காவுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் அக்காவுக்குக் கண் தெரியாது. நான் போட்ட முள்ளில் அவளே போய் மோதிக்கொண்டாள்.

கண்ணியை அறுத்துவிட்டு மரத்தடியில் ஒரு மூங்கில் படல் வைக்கும்படி ஷரீஃபுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். படலுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். உங்களுக்குச் சம்மதம் இருந்தால் இதனுடன் இருக்கும் துண்டுக் கடிதத்தை உங்கள் சம்சாரம் அக்காவிடம் படித்துக் காட்டட்டும். அவளுக்கு எழுத எனக்கு வேறு வழியில்லை.

இங்ஙனம்,
ஞானதாஸ்

அக்கா,

வீட்டை விற்கும் பேச்சு இனி என் வாயில் வராது. நீ அங்கேயே இரு. பொங்கல் லீவில் வருகிறேன், வந்து பேசுவோம். என்னிடம் ஒளித்தாயே என்று இரண்டு நாள் கோபமாக இருந்தது. சொல்லும்படி நான் எங்கே இருந்தேன் என்று பிறகு தோன்றியது.

வழியை விட்டு வேளி போடச் சொல்லியிருக்கிறேன். விட்டு என்றால் திறந்து விட்டு. ஷரீஃபுக்கு இந்த முறை விளக்கமாக எழுதியாயிற்று.

பங்கஜம் அம்மாளே, மேலே இருக்கிற அந்த ‘வேளி’யை நீங்களே திருத்திப் படித்துவிடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அவள் திட்டட்டும்.

ஞானதாஸ்

உ
சேசு மரி சூசை
சாந்தோம், 6 ஜனவரி 1947

அன்புள்ள தம்பிக்கும் ஃப்ளோராவுக்கும் அக்காவின் ஆசீர்வாதம். இன்று மூன்று ராஜாக்கள் திருநாள், பூசை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கணேசமூர்த்தி உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, பங்கஜத்தோடு தெருவைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார். “தப்பா நெனச்சிட்டேம்மா. உங்களுக்குக் கண்ணு இப்படின்னு இவ எங்கிட்டகூடச் சொல்லல” என்றார். நான்தான் யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஷரீஃப் முன்தினமே வந்து கம்பியை அறுத்துவிட்டார். “போடுன்றாரு, நிறுத்துன்றாரு, அறுன்றாரு. உங்க தம்பிக்கு ரயில்வேல சிக்னல் வேலையாம்மா?” என்று கேட்டார். நிறுத்தச் சொன்ன உன் முதல் தந்தி, கார்டைப் பார்த்து அடைத்துவிட்ட மறுநாள்தான் அவர் கைக்குக் கிடைத்ததாம்.

படல் தடவிப் பார்க்க வழுவழுப்பாக இருக்கிறது. இருந்தாலும் அந்த இடத்துக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. கையை நீட்டி, முள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்கிறேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிறாள் பங்கஜம்.

உன் பழைய கடிதங்கள் இரண்டையும் பிரித்துப் படித்தாள். அவளுடைய சுழிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்ததும் அழுதுவிட்டாள். இந்தத் தாளிலும் போட்டாயா என்று கேட்டேன். போட்டுவிட்டாளாம், அடித்துவிடட்டுமா என்றாள். இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக நீ அனுப்பியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வே, ளி. சிவப்பு மைக்கூடு அலமாரியில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிழை எங்கே இருக்கிறது என்று பங்கஜம் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். சுழித்தது நான்தான். அந்தத் துண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். சுழி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா,
அல்போன்சா